சாம்பிராணித் தணல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் பிரதீஸின் வீட்டில் ஒரே அமர்க்களம்தான். எட்டு மாதக் குழந்தை சஞ்சீவனிக்குத் தலைக்கு ஊற்றி, துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி முடிப்பதற்குள் தாய் மதுஷாவும் பாதி குளித்துவிடுவாள். குளிப்பாட்டுவது அவள் வேலை. தேங்காய்ச் சிரட்டைக் கரியை ஊதித் தணலாக்கி, மண்சட்டியில் எடுத்துவந்து, எல்லாம் முடிந்தபின் அந்தத் தணலைத் தண்ணீர் ஊற்றி அவித்துக் கொட்டுவது பிரதீஸின் வேலை. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்த பங்கு அல்ல. குழந்தை பிறந்த பிறகு தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

பிரதீஸைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். கண்டி டவுனில் ஒரு போன் கடையில் வேலை. குடி கிடையாது, சண்டை சச்சரவு கிடையாது. அவனுக்கிருந்த ஒரே ஆசை, தான் குடியிருக்கும் மஹய்யாவையில் எது நடந்தாலும் அதைத் தான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது. 'நம்ம மஹய்யாவ' என்று இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் வட்ஸ்அப் குழு அவன் தொடங்கியது. நாளைக்குத் தண்ணீர் வராது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசல், இன்னார் காலமானார், இன்னார் மகளுக்கு ஒன்பது பாடத்திலும் ஏ. எல்லாம் முதலில் அவனிடமிருந்துதான் வரும். இன்னொருவன் ஐந்து நிமிடம் முந்திவிட்டால் அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்காது. இது என்ன பெரிய குற்றமா என்று கேட்கலாம். அன்று வரைக்கும் இல்லைதான்.

அன்று சாயங்காலம் அவன் வேலை முடிந்து வரும்போதே பக்கத்து வீட்டில், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் மஹ்மூத்தின் பலசரக்குக் கடையில் சத்தம் கேட்டது. சத்தம் போட்டவர் சந்தின் மேல் வரிசை வீட்டுத் திருச்செல்வம். நகரசபையில் துப்புரவு வேலை செய்பவர். கடைகளில் கழிக்கும் காட்போட் பெட்டிகளைச் சேர்த்து விற்பது அவருடைய பக்கத் தொழில்.

"நல்ல பெட்டியெல்லாம் லொறிக்காரனுக்கு, கிழிஞ்சது மட்டும் எனக்கா? மூணு தடவ நடக்க வச்சிட்டு இதத்தான் வச்சிருந்தீங்களா நானா?" என்று பெட்டிக் குவியலைக் காலால் தள்ளினார் திருச்செல்வம். "எனக்கு வேணாம். இத நீங்களே வச்சுக் கொளுத்திக்குங்க!"

"அட, கோவிச்சுக்காதீங்க. லொறிக்காரன் வந்த நேரம் நான் கடையில இல்ல, பொடியன் எடுத்துக் குடுத்துட்டான்" என்றார் மஹ்மூத். ஆனால் அதைக் கேட்கத் திருச்செல்வம் நிற்கவில்லை. மஹ்மூத் பெருமூச்சு விட்டுக்கொண்டே கிழிந்த பெட்டிகளை அள்ளிக் கடையின் பின்பக்கம் கொண்டுபோய் அடுக்கினார். பிரதீஸ் வீட்டுக் குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கத்து மூலை அது. இரண்டு வீட்டாரும் எத்தனையோ வருஷமாக அடுப்புச் சாம்பல் கொட்டுகிற மூலை.

அன்று சாம்பிராணி போட்டபோது குழந்தை புகையில் இரண்டு தும்மல் போட்டுச் சிரித்தது. பிரதீஸ் ஒரு கையில் சட்டியோடும் மறு கையில் போனோடும் பின்வாசலுக்குப் போனான். குழுவில் யாரோ பேராதனை வீதியில் விபத்து என்று போட்டிருந்தார்கள். தனக்குத் தெரியாமல் ஒரு விபத்தா என்று பதறி, அதைப் படித்துக்கொண்டே சட்டியைச் சுவருக்கு மேலாக வழக்கமான மூலையில் கவிழ்த்தான்.

"தண்ணி ஊத்தி அவிச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மதுஷா.

"ஆமா, ஆமா" என்றான். கண் போனிலேயே இருந்தது.

இரவு பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை பாலுக்கு அழுதது. எழுந்த மதுஷா சமையலறை ஜன்னல் கண்ணாடி சிவப்பாக இருப்பதைக் கண்டாள். முதலில் லைட்டை அணைக்க மறந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். பிறகு அந்தச் சிவப்பு அசைந்தது.

"என்னங்க! நெருப்பு! எந்திரிங்க!"

பிரதீஸ் துள்ளி எழுந்து பின்வாசலைத் திறந்தான். பெட்டிக் குவியல் கொழுந்துவிட்டு எரிந்து, கடையின் பின்கதவைப் பிடித்திருந்தது. அவனுடைய கூரைத் தகட்டுக்கும் அந்தத் தீக்கும் நடுவில் நாலு முழம்கூட இல்லை. அந்த நேரத்தில் மனிதனின் கை எங்கே போக வேண்டும்? வாளிக்கு. அவன் கை போனுக்குப் போனது. அரை நிமிடம் படம் பிடித்தான். போனை வாய்க்கருகே வைத்து மூச்சிரைக்கப் பேசினான்.

"மஹ்மூத் நானா கடை எரியுது! சாயங்காலம் அந்தத் திருச்செல்வம் கொளுத்துறேன்னு சொல்லிட்டுப் போனான். என் காதால கேட்டேன்!"

படமும் குரலும் குழுவுக்குப் போயின. 'கொளுத்திக்குங்க' என்பது 'கொளுத்துறேன்' என்று மாறியதையோ, தினமும் அண்ணே என்று கூப்பிடும் மனிதர் 'அவன்' ஆனதையோ அவன் கவனிக்கவில்லை. அதற்கெல்லாம் நேரம் எங்கே இருந்தது? முந்த வேண்டுமே.

மதுஷா அதற்குள் தீயணைப்புக்குப் போன் போட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி பக்கத்து வீட்டுக் கதவை உடையும்படி தட்டிக்கொண்டிருந்தாள். கடைக்கு மேல்தான் மஹ்மூத் குடும்பம் படுக்கிறது. மஹ்மூத்தும் மனைவி றம்லத்தும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். றம்லத் தன் முக்காட்டையே குழந்தை சஞ்சீவனியின் மூக்கைச் சுற்றிப் போர்த்தி, "இங்க தாங்க புள்ளய, நான் பாத்துக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் யார் தெரியுமா? திருச்செல்வம்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேல் வரிசைக் குழாயிலிருந்து நீட்டு ரப்பர் குழாயை இழுத்து வந்தார். அது நீளம் போதாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. "பிரதீஸ் தம்பி! ஒங்க தண்ணி பீப்பாய உருட்டுங்க! வாளி எடுங்க!" என்று கத்தினார். அப்போதுதான் பிரதீஸுக்கு வாளி நினைவு வந்தது. சந்தில் இருந்தவர்களெல்லாம் வரிசையாக நின்று வாளி கைமாற்றினார்கள். எரிகிற தகடு ஒன்று பிரதீஸின் கூரைப் பக்கம் சாய்ந்தபோது, திருச்செல்வம் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அதைப் பிடித்து இழுத்து அப்பால் எறிந்தார். சாக்கு போதவில்லை. வலது உள்ளங்கை வெந்துபோனது.

தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தை அணைத்தது. கடையின் பின்கதவும் களஞ்சிய அறையும் போயின. உயிருக்கு ஒன்றும் இல்லை. மஹ்மூத், "அல்ஹம்துலில்லாஹ்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். எல்லோரும் போய்ப் படுத்தார்கள். தீ அணைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

காலையில் பிரதீஸ் கொஞ்சம் பெருமையோடுதான் வேலைக்குப் போனான். அவன் வீடியோவை அத்தனை பேர் பார்த்திருந்தார்கள். போன் கடையில் அவனோடு வேலை செய்யும் முஸ்அப் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு தன் போனை நீட்டினான்.

"மச்சான், இது அக்குறணையிலயிருந்து எங்கட மாமா அனுப்பின. கேட்டுப் பாரு. உன்ட குரல் மாதிரி ஈக்குதே?"

அவனுடைய குரலேதான். ஆனால் மேலே வேறு யாரோ எழுதிய வாசகம் இருந்தது: 'மஹய்யாவையில் முஸ்லிம் கடைக்குத் தீ வைப்பு. குடும்பத்தோடு எரிக்கச் சதி. எல்லோருக்கும் பகிரவும்.' கண்டிப் பக்கத்தில் தீ என்றால் அது வெறும் தீ மட்டுமல்ல. இனக் கலவரத்தில் கடைகள் எரிந்ததையும் ஊரடங்குச் சட்டத்தையும் கண்ட ஊர் இது. கதவைச் சாத்திக்கொண்டு இருந்த அந்த நாட்களை யாரும் மறக்கவில்லை.

"நான் குழுவுல மட்டுந்தான்டா போட்டேன்."

"குழுவுல போட்டா குழுவுக்குள்ளயே நிக்குமா மச்சான்?" என்றான் முஸ்அப்.

அந்த நேரம் மதுஷா போன் போட்டாள். "திருச்செல்வம் அண்ணன விசாரிக்கணும்னு பொலிஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடை முன்னுக்கு ஆளுங்க சேர்றாங்க. நீங்க ஒடனே வாங்க."

அவன் வந்து சேர்ந்தபோது சந்தின் வாயில் இரண்டு வேன்கள் நின்றன. மஹ்மூத்தின் சொந்தக்காரர்கள் பதினைந்து இருபது பேர் ஒரு பக்கம். எதிரே மேல் வரிசை இளைஞர்கள். "எங்க ஆள அநியாயமா புடிச்சுக் குடுத்திட்டு இங்க எதுக்கு வந்து நிக்கிறீங்க?" என்று ஒருவன் கேட்டான். "வெந்தது எங்கட கடை!" என்று பதில் வந்தது. நடுவில் நின்ற மஹ்மூத், "கொஞ்சம் பொறுங்களேன், பொறுங்களேன்" என்று இரண்டு பக்கமும் கைகாட்டிக் கொண்டிருந்தார். கடைப்படியில் திருச்செல்வத்தின் மனைவி ராக்கம்மா உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் றம்லத் ஆறிப்போன தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றாள்.

பிரதீஸ் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் நழுவினான். மதுஷா பின்வாசலில் நின்றாள். அவள் கையில் சாம்பிராணிச் சட்டி இருந்தது. கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே தூசு மாதிரி வெண்சாம்பல், தண்ணீர் பட்ட அடையாளமே இல்லை.

"நேத்து தணல எங்க கொட்டினீங்க?"

அவள் குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். சுவர் அந்த மூலையில்தான் அடியிலிருந்து கறுத்திருந்தது. அங்கிருந்துதான் கரி மேலே ஏறி, கதவுப் பக்கம் போயிருந்தது. எரிந்த பெட்டிகளின் அடியில், சாம்பலுக்கு நடுவே, உருகி இறுகிய சாம்பிராணிக் கட்டி ஒன்று கிடந்தது.

பிரதீஸ் குட்டிச்சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "இது நமக்கு மட்டுந்தான் தெரியும் மது" என்றான். சொன்ன பிறகு தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை.

"ஆமா, நமக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள் அவள். "நம்ம கூரையில நெருப்பு விழாம அந்த மனுசன் கையால புடிச்சாரு. நம்ம புள்ள பக்கத்துலதான் இருந்திச்சு. அந்த வெந்த கையில இன்னிக்கு விலங்கு மாட்டினா, நாளைக்கு இந்தப் புள்ளைக்கு நீங்க எந்தக் கையால சோறு ஊட்டுவீங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் பதிலுக்கு ஏதாவது சத்தம் போட்டுத் தப்பியிருப்பான்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தான். வேன்களில் வந்தவர்கள் சும்மா விடுவார்களா? மேல் வரிசைப் பொடியன்கள் விடுவார்களா? இந்த வீட்டில் இனி இருக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் விடை பயமாகவே வந்தது. வெளியே சத்தம் கூடியது. யாரோ யாரையோ தள்ளிவிட்டார்கள் போல ஒரு கூச்சல். பிரதீஸ் அவள் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவே போய் நின்றான். "நானா" என்றான். சத்தம் அடங்கவில்லை. "நானா!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினான். எல்லோரும் திரும்பினார்கள்.

"திருச்செல்வம் அண்ணன் கொளுத்தல. நான்தான். வேணும்னு இல்ல. புள்ளைக்குச் சாம்பிராணி போட்ட தணல அவிக்காம ஒங்க பெட்டி மேல கொட்டிட்டேன். போன பாத்துக்கிட்டே கொட்டினேன். அப்புறம் அவர் சொல்லாதத சொன்னாருன்னு அனுப்பினதும் நான்தான். அவர் கொளுத்துறேன்னு சொல்லல. கோவத்துல நீங்களே கொளுத்திக்குங்கன்னுதான் சொன்னாரு. அடிக்கிறதுன்னா என்ன அடிங்க."

வேனில் வந்தவர்களில் ஒருவன் முன்னே பாய்ந்தான். மேல் வரிசையிலிருந்தும் ஒருவன் பாய்ந்தான். வேடிக்கை என்னவென்றால், அதுவரை எதிரெதிரே நின்ற இருவரும் அந்த ஒரு நொடியில் ஒரே பக்கம் ஆகிவிட்டார்கள். மஹ்மூத் தன் பருத்த உடம்பைக் குறுக்கே போட்டார்.

"கை வெக்காதீங்க! என்ட கடை, என்ட நட்டம். நான் பேசுறேன்." அவர் பிரதீஸின் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. "என்ட புள்ளயள் மேல படுத்திருந்திச்சு தம்பி. தெரியுமா?"

"தெரியும் நானா."

"தணல கொட்டினது கைப்பிழை. அத நான் மன்னிக்கலாம். ராத்திரி நீங்க அனுப்பினது கைப்பிழை இல்ல." அவர் மூச்சு வாங்கினார். "சரி, நடங்க. பொலிஸுக்குப் போவோம். இதே வார்த்தைய அங்க சொல்லுங்க."

கூட்டத்துக்கு இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. கொண்டுவந்த கோபத்தை வைக்க இடமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். றம்லத் உள்ளே போய்ப் பெரிய கேத்தலில் தேத்தண்ணீர் வைத்தாள். அன்று அந்த இரண்டு கூட்டமும் ஒரே கேத்தலில் குடித்துவிட்டுத்தான் கலைந்தன.

பொலிஸில் பிரதீஸ் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தான். தன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னான். மஹ்மூத், இது விபத்து, திருச்செல்வத்தின் மேல் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். மத்தியானம் தாண்டி திருச்செல்வம் வெளியே வந்தார். வலது கையில் கட்டு. பிரதீஸ் அவர் காலில் விழப் போனான். அவர் பின்வாங்கினார்.

"காலெல்லாம் வேணாம் தம்பி. இருபத்திரண்டு வருசமா இந்த ஊர்க் குப்பைய அள்ளுறேன். ஒருத்தர் வீட்டு ஊசியக்கூட எடுத்ததில்ல. இன்னிக்கு ஜீப்புல ஏறும்போது எம் மக வகுப்புப் புள்ளைங்க டியூசனுக்குப் பஸ்ல போயிக்கிட்டிருந்திச்சுக. அதுக பாத்திச்சுக." கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "கடையில புடிச்ச நெருப்ப முப்பது வாளித் தண்ணியும் ஒரு வண்டியும் அணைச்சிருச்சு. நீங்க வாயால வச்ச நெருப்புக்கு எத்தன வாளி வேணும், சொல்லுங்க?"

அதற்கான விடையைப் பிரதீஸ் தேடிப் பார்த்தான். அன்றே குழுவில், 'தீ வைத்தது திருச்செல்வம் அண்ணன் அல்ல, என் கவனக்குறைவு' என்று தன் பேரைச் சொல்லிக் குரல் பதிவு போட்டான். ஆறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பொய் போன இடங்களுக்கெல்லாம் உண்மையை அனுப்ப ஆளில்லை. ஆகவே நடக்கத் தொடங்கினான். மேல் வரிசையில் வீடு வீடாக, நகரசபைப் பணிமனையில், திருச்செல்வத்தின் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில், முஸ்அப்பையும் கூட்டிக்கொண்டு அக்குறணையில் அவன் மாமா வீட்டில். ஒவ்வோரிடத்திலும் தலைகுனிந்து ஒரே கதையைச் சொன்னான். சிலர் திட்டினார்கள். ஒரு அம்மா கதவைச் சாத்தினார். இரவில் வந்து மஹ்மூத்தின் களஞ்சிய அறைக்குப் பலகை அடித்தான். வலது கை ஆறும் வரை திருச்செல்வம் இழுக்க வேண்டிய பெட்டிகளையும் அவனே இழுத்தான். நாலாம் நாள் அவர் தூர நின்று, "இப்பிடிக் கட்டினா வழியில அவிழ்ந்திரும். முடிச்ச மாத்திப் போடுங்க" என்றார். அன்றுதான் பிரதீஸுக்கு முதல் தடவையாகச் சோறு இறங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை சஞ்சீவனிக்கு மறுபடி சாம்பிராணி போட்டார்கள். மஹ்மூத்தும், கையில் கட்டோடு திருச்செல்வமும் குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டிகளைப் பிரித்து, நல்லது கிழிந்தது எல்லாம் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரதீஸ் சட்டியோடு வெளியே வந்தான். கீழே வைத்தான். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினான். தணல் சீறி அடங்கியது. இன்னொரு செம்பு ஊற்றினான். பக்கத்தில் குந்திக் காத்திருந்தான்.

சட்டைப் பையில் போன் மணி அடித்தது. குழுவில் யாரோ ஒருவர்: 'வத்தேகமயில் பிள்ளை பிடிக்கிற கும்பல். உடனே எல்லோருக்கும் அனுப்பவும்.' அவன் விரல் பழக்கத்தில் மேலே போய், அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக எழுதினான்: 'நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?' பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் செய்தியும் அங்கிருந்து காணாமல் போனது.

"அவிஞ்சிருச்சா தம்பி?" என்று சுவருக்கு மேலால் எட்டிக் கேட்டார் திருச்செல்வம். எத்தனை வாளி என்று கேட்டதற்குப் பிறகு அவர் அவனிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

பிரதீஸ் சட்டிக்குள் கையை விட்டான். கரி ஜில்லென்று இருந்தது.

"அவிஞ்சிருச்சு அண்ணே. தொட்டுப் பாத்துட்டேன்" என்றான். பிறகு போனை எடுத்துக் காட்டினான். "இனிமே இதையும் அப்பிடித்தான். கைக்கு வந்த சேதிய, சுடுதா இல்லையான்னு தொட்டுப் பாக்காம இன்னொருத்தர் வாசல்ல கொட்ட மாட்டேன். நம்ம கையில பொறியா இருக்கிறது, அடுத்தவன் வீட்டுல போய் விழுறப்போ நெருப்பாயிருதுண்ணே."